கல் வைத்த இடம்

லோகேஸ்வரியின் மனத்தில் அந்த இடம் எப்போதும் ஒரே மாதிரிதான் இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை மணல். நடுவில் ஒரே ஒரு கல். மரமில்லை, நிழலில்லை, யாரும் நடந்துபோன தடமில்லை. காற்றுகூட அந்தக் கல்லுக்குச் சற்றுத் தள்ளியே வீசும். அந்தக் கல்லுக்கடியில் அவளுடைய மூத்த பெண் படுத்திருந்தாள்.

அவள் அந்த இடத்தை நேரில் பார்த்ததில்லை. புதைக்கிற இடத்துக்குப் பெண்கள் போகும் வழக்கமில்லை. வழக்கம் இருந்திருந்தாலும் அவளால் போயிருக்க முடியாது. பிறந்து மூன்றாம் நாள் குழந்தை கண்மூடியபோது அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்காரவே தெம்பில்லாமல் கிடந்தாள். வெளியே நவம்பர் மழை. அன்று பொழுது சாய்ந்த நேரத்தில் முகுந்தன் வந்து கட்டிலோரம் நின்றார். கால்சட்டையின் முழங்கால் வரை வெள்ளைத் தூசி அப்பியிருந்தது. அந்த மழையில் அவ்வளவு காய்ந்த தூசி எங்கிருந்து வந்தது என்று அவள் நினைத்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

"தண்ணி ஊறாத எடமா பாத்து வச்சிட்டேன் லோகா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மேல ஒரு கல்லு வச்சிருக்கேன்," என்றார்.

அதற்குமேல் அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு வீட்டில் ஒரு அறையைப் பூட்டிவைத்துக்கொண்டு மற்ற அறைகளில் வாழ்வதுபோல அவர்கள் வாழ்ந்தார்கள். துளசி பிறந்தாள், படித்தாள், ரவாங்கில் வேலைக்குப் போனாள்.

தண்ணீர் ஊறாத இடம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். அவளும் முகுந்தனும் பிறந்து வளர்ந்தது சுங்கை செம்பிலாங் பக்கத்துக் கடலோரத் தோட்டத்தில். அங்கே ஒரு முழம் தோண்டினால் போதும், கறுப்புத் தண்ணீர் எட்டிப் பார்க்கும். மழைக் காலத்தில் யாராவது இறந்துபோனால், குழிக்குள் ஒருவர் இறங்கி வாளியால் இறைத்துக்கொண்டே இருப்பார். மற்றவர்கள் அவசர அவசரமாகப் பெட்டியை இறக்குவார்கள். பெரிய ஆளுக்குச் சரி. மூன்று நாள் பிள்ளையை எந்தத் தகப்பன் தண்ணீருக்குள் இறக்குவான்? முகுந்தன் அப்போது கடலை விட்டு உள்ளே தள்ளி, பத்தாங் பெர்ஜுந்தைக்கு அந்தப் பக்கம், ஈயம் தோண்டிய பழைய லம்பத்தில் மணல் லோரிக்காரர்களோடு வேலை செய்துகொண்டிருந்தார். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காத பொட்டல் அது. அங்கே கொண்டுபோனார்.

கல் என்றால் என்ன என்றும் அவளுக்குத் தெரியும். கடலோரத் தோட்டத்தில் கல்லே கிடையாது. களிமண், களிமண், அதற்கும் கீழே களிமண். வீட்டு அம்மிக்கல், வேலியோரம் முனியாண்டியாக நின்ற கல், இரண்டையும் விட்டால் வேறு கல்லைப் பார்க்கத் தார்ச் சாலைக்குப் போக வேண்டும். சிறு வயதில் ஒரு கூழாங்கல் கிடைத்தால் அதைப் பாவாடை முடிச்சில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் அவள். ஆகவே கல் வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும். அதற்குமேல் அடையாளம் எதற்கு?

துளசிக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் அந்தப் பூட்டிய அறைக்குள்ளிருந்து சத்தம் கேட்கத் தொடங்கியது.

லோகேஸ்வரியின் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகாமல் போய்ச்சேர்ந்த பெண் எந்த வீட்டில் இருக்கிறாளோ, அந்த வீட்டில் அடுத்த கல்யாணத்துக்குப் பந்தல்கால் ஊன்றுமுன் அவளை அழைத்துவர வேண்டும். அவள் படுத்திருக்கிற இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்து, விளக்கடியில் வைத்து, புதுப் பாவாடை சட்டையும் வளையலும் படைத்துக் கும்பிடுவார்கள். கன்னி கும்பிடுவது என்பார்கள். கும்பிடாவிட்டால் ஏதாவது கெட்டது நடக்கும் என்றெல்லாம் லோகேஸ்வரி பயப்படவில்லை. அவளுக்கு இருந்தது வேறு. தங்கைக்கு நடக்கிற கல்யாணத்தில் அக்காவுக்குச் சொல்லாமல் இருப்பதா? கைப்பிடி மண்ணுக்குக்கூட வழியில்லாதவளா அவளைப் பெற்றவள்?

ஒரு சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

"பாப்பாவக் கூட்டிட்டு வரணும்."

முகுந்தன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். துளசி அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்கா ஒருத்தி இருந்தாள் என்பது அவளுக்குத் தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

"எடம் தெரியுமாப்பா?" என்று கேட்டாள். "லொக்கேஷன் இருந்தா ஃபோன்ல போட்டுப் பாக்கலாம்லா."

"அதெல்லாம் ஃபோன்ல வராது," என்றார் முகுந்தன்.

"எல்லாம் வரும்பா. நம்ம மாடியில காயப்போட்ட அம்மாவோட கைலிகூட வருது."

லோகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகுந்தன் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து நெடுநேரம் ஜன்னலோரம் நின்றார். பிறகு, "ஒண்ணு கேள்விப்பட்டேன்," என்றார். "அந்தப் பொட்டல்ல சோலார் போடப்போறாங்களாம். வேலி அடிக்க ஆரம்பிச்சிட்டாங்க. அப்புறம் உள்ள விடமாட்டானுங்க. போறதா இருந்தா இப்பவே போயிரணும்."

"நானும் வரேன்."

"பொம்பளைங்க அங்கல்லாம்..."

"நான் வரேங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை.

மறுநாள் காலை முகுந்தன், தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப்போகும் தன் வேனிலேயே அவளை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். பின்னிருக்கைகள் காலியாக ஆடிக்கொண்டு வந்தன. லோகேஸ்வரி முன்னால் உட்கார்ந்து, மடியில் கூடையை வைத்திருந்தாள். கூடையில் மஞ்சள் துணி, ஊதுவத்தி, ஒரு பாக்கெட் பால். சாலையின் இருபுறமும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மரங்கள். வரிசை வரிசையாக, வேனின் வேகத்துக்குத் திறந்து மூடுகிற கதவுகள்போல வந்துகொண்டேயிருந்தன. இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தையைத் தாண்டி ஒரு செம்மண் பாதையில் திரும்பினார்கள். பிறகு, யாரோ கத்தரியால் வெட்டியதுபோல, செம்பனை நின்றுபோனது.

வெளிச்சம் அடித்தது. அவள் கண்ணைச் சுருக்கினாள்.

அது அந்த நாட்டுக்குச் சொந்தமான நிலம்போலவே இல்லை. சுற்றிலும் இருந்த எல்லாமே பச்சை. அது மட்டும் வெளுத்துக் கிடந்தது. எத்தனையோ காலத்துக்கு முன்னால் அதுவும் காடாக இருந்திருக்க வேண்டும். ஈயத்துக்காக மண்ணைத் தோண்டி, தண்ணீரைப் பாய்ச்சி அலசி, அரித்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததைக் கொட்டிவிட்டுப் போனார்கள். தோண்டிய பள்ளங்கள் குளங்களாயின. குளங்கள் பச்சையும் நீலமுமாக, யாரும் பார்க்காமல் விழித்துக்கொண்டிருந்தன. அலசிப்போட்டது பொட்டலாயிற்று. சத்து முழுக்கக் கழுவிக் கொண்டுபோன நிலம். அதில் ஒரு விதை விழுந்தால் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. இங்கும் மற்ற இடங்களில் பெய்கிற அளவுக்கு மழை பெய்யும். பெய்த மழை அந்த நிமிடமே கீழே இறங்கிப் போய்விடும். பொட்டலுக்குத் தாகம் தீருவதில்லை.

ஆனாலும் அது சும்மா கிடந்ததில்லை. ஈயம் போனபின் மணலுக்கு வந்தார்கள். முகுந்தனும், இப்போது உயிரோடில்லாத அவருடைய அண்ணன் சுகுமாறனும் வந்த காலம் அது. நாள் முழுக்க லோரிகள் வரிசையில் நின்று மணலை வாரிக்கொண்டு போய் நகரத்தில் கொட்டின. அங்கே அது மாடி மாடியாக எழுந்தது. மணல் எடுக்க எடுக்கப் பரல் கல் மிஞ்சியது. குளங்களில் சிலர் மீன் வளர்த்தார்கள், சிலர் வாத்து. கடைசியாக அந்தப் பொட்டலில் எடுப்பதற்கு மிச்சமிருந்தது வெயில்தான். இப்போது அதையும் எடுத்துக்கொள்ள வந்திருந்தார்கள்.

வேலிக்காகப் புதிதாக நட்ட கம்பங்கள் பளபளத்தன. நுழைவாயிலில் இருந்த மலாய்க் காவல்காரர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். முகுந்தன் மலாயில் ஏதோ சொன்னார். காவல்காரரின் பார்வை லோகேஸ்வரியின் கூடையில் இருந்த ஊதுவத்தியில் போய் நின்றது. அவர் தொப்பியைச் சற்றுத் தூக்கி, உள்ளே போகலாம் என்று கைகாட்டினார். வெயில் அதிகம், தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

வேன் நின்றது. லோகேஸ்வரி கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தாள்.

செருப்புக்கடியில் கல் நறநறத்தது.

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து தூரத்தில் பார்த்தாள். பிறகு மறுபடியும் குனிந்து பார்த்தாள். கோழிமுட்டை அளவில் கற்கள், வாழைப்பூ அளவில் கற்கள், தலையணை அளவில் கற்கள். வெள்ளைக் கல், பழுப்புக் கல், நரம்பு ஓடிய கல். கானல் நெளிகிற இடம் வரை, அதற்கு அப்பாலும், கல்.

அவள் மனத்தில் அத்தனை வருடம் தனியாக நின்ற அந்த ஒற்றைக் கல் ஓசையில்லாமல் கோடியாகப் பெருகியது.

"இதுலயா," என்று கேட்டாள். "இதுலயாங்க கல்லு வச்சீங்க?"

அவர் முகத்தைப் பார்த்தபோது அவளுக்குப் புரிந்தது. களிமண்ணில் பிறந்த கை. துக்கத்தில் அடையாளம் வைக்கத் தேடியபோது அதற்குத் தெரிந்த ஒரே அடையாளம் கல். தான் எங்கே நிற்கிறோம் என்று அந்தக் கை யோசிக்கவில்லை. அவளுடைய கையாக இருந்தாலும் அதையேதான் செய்திருக்கும். அத்தனை வருடங்களில் எப்போதாவது ஒரு நாள், ரவாங் சாலையில் வேன் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, அவருக்கு அது உறைத்திருக்கும். உறைத்த அன்று வீட்டுக்கு வந்து எப்படிச் சாப்பிட்டார், எப்படித் தூங்கினார் என்று அவள் நினைத்துப் பார்த்தாள்.

"நல்லா வட்டமா இருந்துச்சி," என்றார் முகுந்தன். "ரெண்டு கையாலயும் தூக்குற மாதிரி. வெள்ளையா."

"தேடுவோம்."

தேடினார்கள். அவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வட்டமான வெள்ளைக் கல்லைத் தேடிப் போனால் எல்லாக் கல்லும் வட்டமாகவும் வெள்ளையாகவும் ஆகிவிடுகிற இடம் அது. ஒவ்வொரு கல்லின் முன்னாலும் ஒரு கணம் நின்று, இதுவா என்று கேட்பதுபோல் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். வெயில் தலையில் இறங்கி, உள்ளங்காலில் கல்லிலிருந்து ஏறி, நடுவில் எங்கோ சந்தித்துக்கொண்டது. சத்தமே இல்லை. தூரத்தில் முகுந்தன் கானலுக்குள் இடுப்பு வரை கரைந்து, மறுபடி உருவமாகி, மறுபடி கரைந்தார். தான் தேடுவது கல்லையா, பெண்ணையா, அல்லது கட்டிலில் கிடந்த அந்த இளம் லோகேஸ்வரியையா என்று அவளுக்கு ஒரு கட்டத்தில் குழம்பிவிட்டது. குழம்பியதும் ஒருவகையில் இதமாகத்தான் இருந்தது.

"லோகா!"

அவர் கூப்பிட்டார். அவள் போனாள். அவர் காலடியில் ஒரு கல். வட்டமானது, வெள்ளையானது, இரண்டு கையால் தூக்குகிற அளவு.

"இதான்," என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் கல்லைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல்காரருக்கு மருந்து கொடுத்துவிட்டு, இறங்குகிறதா என்று பார்ப்பதுபோல.

தலையாட்டிவிடலாம். மண்டியிட்டு ஊதுவத்தி கொளுத்திவிடலாம். அவருக்கும் அவளுக்கும் நிம்மதி. ஒரு பிடி பரலை முடிந்துகொண்டு போய் விளக்கடியில் வைத்தால் துளசிக்குத் தெரியவா போகிறது? ஆனால் வைத்த பிறகு அதன் முன்னால் கைகூப்பி யாரைக் கூப்பிடுவது?

"இது இல்லங்க," என்றாள் மெதுவாக.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இல்லதான்," என்றார்.

அப்போதுதான் மழை வந்தது. கறுக்கவும் இல்லை, காற்றும் வரவில்லை. வெயில் இருக்கும்போதே மேலிருந்து யாரோ கையளவு உதறியதுபோலச் சடசடவென்று கொட்டியது. ஓடுவதற்கு ஒதுங்கும் இடம் இல்லாததால் இருவரும் அப்படியே நின்றார்கள். கற்களெல்லாம் ஒரே நேரத்தில் நிறம் மாறின; வெள்ளை மஞ்சளாயிற்று, பழுப்பு சிவப்பாயிற்று, பொட்டல் முழுக்கக் கண்ணைத் திறந்ததுபோல் இருந்தது. பிறகு மழை நின்றது. கற்களிலிருந்து ஆவி எழுந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தரையில் தங்கவில்லை.

"பாத்தியா," என்றார் முகுந்தன். குரலில் பழைய பிடிவாதம் ஒன்று எட்டிப்பார்த்தது. "தண்ணி நிக்கல. அதுக்காகத்தான் இங்க கொண்டாந்தேன்."

லோகேஸ்வரி ஒரு பெரிய கல்லின்மேல் உட்கார்ந்தாள். கூடையை அருகில் வைத்தாள்.

"எப்படித் தோண்டுனீங்க?"

"என்னா?"

"அன்னிக்கு. எப்படித் தோண்டுனீங்கன்னு சொல்லுங்க. நான் கேட்டதே இல்ல."

அவள் காத்திருந்தாள். காத்திருப்பது அவர்கள் இருவருக்கும் பழகிய தொழில். பிறகு அவர் கைகள் முதலில் அசைந்தன. இல்லாத மண்வெட்டி ஒன்றைப் பிடித்தன.

"நீயும் நானும் நிக்கிற மாதிரி எடத்துலதான் ஆரம்பிச்சேன். அண்ணன் பாப்பாவ வச்சிக்கிட்டு லோரியிலயே ஒக்காந்திருந்தாரு. நான் வெட்டுனேன். வெட்ட வெட்டக் கல்லு சரிஞ்சி உள்ள வந்துச்சி. அள்ளி வெளிய போட்டா சுத்தியிருக்கிறது உள்ள வருது. குழி அகலமாவுது, ஆழமாவ மாட்டேங்குது. அண்ணன் எறங்கி வந்து பாத்தாரு. டேய், குழி நிக்க மாட்டேங்குதுடான்னு சொன்னாரு. அப்புறம்..."

அவர் கைகள் அந்தரத்தில் நின்றன.

"அப்புறம்?"

"அப்புறம் அங்கேர்ந்து போனோம்," என்றார், தனக்கே புதிதாகக் கேட்பதுபோல. "லோகா, அங்கேர்ந்து போனோம். கீழ. மண்ணு நிக்கிற எடத்துக்கு. கல்ல மட்டும் இங்கேர்ந்து தூக்கிட்டுப் போனேன்."

அவர் பொட்டலைச் சுற்றிப் பார்த்தார். அத்தனை வருடமாக அவருடைய நினைவில் அந்தக் கல் அது கிடந்த இடத்தோடு சேர்ந்தே இருந்துவிட்டது. வைத்த இடம் அதற்குள் மறைந்துபோயிருந்தது.

"எந்தப் பக்கம்?"

"பள்ளமா இருக்கிற பக்கந்தான் இருக்கணும்," என்றார். இப்போது அவர் பேச்சில் வேகம் வந்திருந்தது. "லம்பத்துல தண்ணி பாய்ச்சி விடுவாங்கல்ல. கல்லு கனம், குழாய் வாயிலயே விழுந்துடும். அடுத்து மணலு. சேறு லேசு, அது மட்டும் கடைசி வரைக்கும் போயித்தான் ஒக்காரும். கல்லு சின்னதாயிட்டே போற பக்கமா நடந்தா சேத்துக்குப் போயிடலாம்."

நடந்தார்கள். அவர் சொன்னது சரியாக இருந்தது. தலையணைகள் முட்டைகளாயின, முட்டைகள் புளியங்கொட்டைகளாயின, பிறகு சர்க்கரைபோல் மணல். மணலில் அவள் காலடி பதிந்தது. திரும்பிப் பார்த்தபோது இரண்டு வரிசைத் தடங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தன. மணல் சாம்பல் நிறமாகிக் கெட்டிப்பட்டது. புதிதாக நட்ட வேலிக் கம்பங்களின் வரிசை அங்கே ஏனோ வளைந்து விலகிப் போயிற்று. அதைத் தாண்டியதும் ஒரே பச்சை. ஆள் உயரத்துக்கு மரவள்ளி, பாத்தி பாத்தியாகக் கீரை, ஒரு தகரக் கொட்டகை, குளத்திலிருந்து தண்ணீர் இழுக்கிற பம்பின் இருமல்.

கொட்டகையிலிருந்து ஒருவர் தலையில் துண்டோடு எழுந்து வந்தார். பின்னால் இரண்டு வாத்துகளும் வந்தன.

"சோலார் ஆளுங்களா?" என்று கேட்டார். லோகேஸ்வரியின் சேலையைப் பார்த்துவிட்டு, "இல்ல, கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தீங்களா? நான் யாருக்கும் சொந்தம் இல்லீங்களே," என்றார்.

அவர் பெயர் முருகையா. அந்தச் சேற்றுப் பட்டையில் அவர் பயிர் வைத்துப் பல வருடமாகிறது. முகுந்தன் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார். லோகேஸ்வரிதான் முடித்தாள்.

"எங்க மூத்த பொண்ணு அண்ணே. பச்சப்புள்ளையில போயிடுச்சி. இங்கதான் எங்கயோ வச்சிருக்காரு. மேல ஒரு கல்லு வச்சாராம்."

முருகையா துண்டைத் தலையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வேடிக்கைப் பேச்சு நின்றுபோனது.

"கல்லு இருக்காதும்மா," என்றார். "இந்தச் சேறு எதையும் மேல வச்சிருக்காது. கொட்டாய்க்கு அடியில வருஷா வருஷம் கல்லு வைக்கிறேன். வருஷா வருஷம் உள்ள போயிடுது. அந்தக் கல்லு அப்பவே கீழ எறங்கியிருக்கும்." கொஞ்சம் யோசித்து, "புள்ளைகிட்ட போயிருக்கும்," என்றார்.

"இவ்வளவு தூரத்துல எந்தப் பக்கம்னு..." என்றார் முகுந்தன். பட்டை நீளமாக, குளத்தை ஒட்டி வளைந்து போய்க்கொண்டிருந்தது. அவர் கண்கள் அதன் ஓரத்தில் போய்ப் போய் வந்தன.

"நான் கெழங்குக்கு வெட்டுறப்போ அப்படி ஒண்ணும் கண்டதில்ல தம்பி. அத மட்டும் சொல்லிடறேன். மனசுல வச்சிக்காதீங்க." பிறகு, பேச்சை வேறு பக்கம் திருப்புவதுபோல, "ஓரத்துல தோண்டியிருப்பீங்க. கரடு முடிஞ்சி சேறு ஆரம்பிக்கிற எடத்துல. துக்கத்துல இருக்கிற ஆளு உள்ள வரைக்கும் நடந்து வரமாட்டான்," என்றார்.

மணலும் சேறும் சேருகிற அந்த ஓரம் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டில் யாரும் பயிர் வைக்கவில்லை. குட்டை குட்டையாகப் புல்லும், ஊதாப் பூ பூத்த செண்டுடுக் செடிகளும் இருந்தன. லோகேஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கோட்டின்மேல் நடக்கத் தொடங்கினாள். யாரும் கூட வரவில்லை. மண் குளிர்ந்திருந்தது. பொட்டலில் கொதித்த உள்ளங்கால்கள் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் ஆறின.

ஏதாவது ஒரு இடத்தில் கால் தானாக நின்றுவிடும் என்று அவள் எதிர்பார்த்தாள். நிற்கவில்லை. கோடு முடியும்வரை நடந்தாள், திரும்பி நடந்தாள். எந்த இடமும் மற்ற இடத்தைவிட அதிகமாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் இந்த முறை அவளுக்குப் பதற்றம் வரவில்லை. பொட்டலில் ஒவ்வொரு கல்லும் இல்லை இல்லை என்று சொன்னது. இங்கே எதுவும் இல்லை என்று சொல்லவில்லை. இந்தக் கோட்டுக்குள் எங்கோ அவள் இருக்கிறாள். அம்மா ஒரு அறையிலிருந்து இன்னொரு அறையில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிடுகிறபோது, பிள்ளை கட்டிலில் இருக்கிறதா, தரையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டா கூப்பிடுகிறாள்?

அவள் மண்டியிட்டாள். ஊதுவத்தியை ஏற்றி ஈர மண்ணில் குத்தினாள். அது சாயாமல் நின்றது. பால் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, ஓரமெங்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே போனாள். முருகையாவின் வாத்துகளில் ஒன்று கிட்டே வரப் பார்த்தது. அவர் அதை இரண்டு கையாலும் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

சொல்வதற்கென்று அவள் வார்த்தைகள் வைத்திருந்தாள். தங்கச்சிக்குக் கல்யாணம், வைகாசியில், ரவாங் மண்டபத்தில், மாப்பிள்ளை பெயர் தீபன், நல்ல பையன், கொஞ்சம் பேச்சு அதிகம். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லத்தான் நினைத்தாள். வாயைத் திறந்தபோது ஒன்றுதான் வந்தது.

"வாம்மா. வீட்டுக்குப் போவோம்."

முகுந்தன் எப்போது பக்கத்தில் வந்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவரும் மண்டியிட்டிருந்தார். அவர் கைகள்தான் மண்ணைத் தோண்டின. விரல்களாலேயே, மேல் மண்ணை ஒதுக்கி, அடியிலிருந்து. சாம்பல் நிறத்தில் வழவழப்பாக வந்தது. ஈரம்தான், ஆனால் குழியில் தண்ணீர் ஊறவில்லை. அவர் அதை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். மழை பெய்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. குளம் நாலு எட்டுத் தூரத்தில் இருந்தது. இருந்தும் ஊறவில்லை.

"காஞ்சிதான் இருந்திருக்கா," என்றார்.

லோகேஸ்வரி ஒரு பிடி எடுத்து அழுத்தினாள். கையைத் திறந்தபோது மண் உதிரவில்லை. அவளுடைய ஐந்து விரல்களும் அதில் இருந்தன. மஞ்சள் துணியில் வைத்து முடிந்தாள்.

முருகையா வேன் வரைக்கும் கூட வந்தார். வழியில் வேலி வளைந்து போகிற இடத்தைக் காட்டினார். "இந்தச் சேத்துல தூண் நிக்காதாம். டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு வேணாம்னு விட்டுட்டானுங்க. நமக்கு நல்லதாப் போச்சிலா. எப்ப வேணும்னாலும் வாங்கம்மா. குளத்தோரமா எனக்குத் தனிப் பாதை இருக்கு. கேட்டுல நிக்க வேணாம்." பிறகு ஞாபகம் வந்தவராக, "ஒரு கட்டு கீரை தரட்டுமா?" என்று கேட்டார்.

"இன்னிக்கு வேணாம் அண்ணே. கல்யாணத்துக்கு வாங்க. ரெண்டு பேரும் சொல்றோம்."

"பாத்தீங்களா, நான் மொதல்லயே சொன்னேன், பத்திரிகை வைக்க வந்திருக்கீங்கன்னு," என்று சிரித்தார் முருகையா. வாத்து இன்னும் அவர் அக்குளில் இருந்தது.

வேன் உலையாகக் கொதித்திருந்தது. முகுந்தன் ஏறி உட்கார்ந்து குளிர்சாதனத்தை முழு வேகத்தில் வைத்தார். லோகேஸ்வரி கூடையைக் காலடியில் வைத்துவிட்டு, மஞ்சள் முடிச்சை மட்டும் மடியில் வைத்து இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். வேன் கற்களின்மேல் மெல்ல ஊர்ந்தது. காவல்காரர் கையை உயர்த்தினார். பொட்டல் முடிந்து செம்பனை தொடங்கிய இடத்தில் நிழல் உள்ளே விழுந்தது; குளிர்காற்று இப்போது பலமாக வந்து அவள் மடியில் அடித்தது, துணியின் முனை படபடத்தது.

முகுந்தன் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை நீட்டி, அந்தக் காற்றுத் துளையின் இதழ்களை மேல்நோக்கித் திருப்பிவிட்டார். பிறகு, போதாதென்று தோன்றியதோ என்னவோ, மறுபடி கையை நீட்டி அதை முழுக்க மூடிவிட்டார்.